தலைமாட்டில் ஒரு செம்புத் தகடு

குடிகாடு
14.9.2008

அன்புள்ள அக்காவுக்கு,

அன்பரசு எழுதுவது. நானும் சிந்துஜாவும் நலம். நீயும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்? கவரைப் பிரித்ததும், "இன்னாடா இவன், கையில செல்ல வச்சிக்கினு லெட்டர் போடுறான்" என்று திட்டியிருப்பாய். எங்கள் கெமிக்கல் பிளான்ட்டுக்குள் செல்போன் விடமாட்டார்கள். வீட்டிலிருந்து பேசினால் சிந்துஜா பக்கத்திலேயே நிற்கிறாள். போன தடவை நண்பன் கம்ப்யூட்டருக்காகப் போனில் சொன்ன நம்பரை உன் கடையில் மாற்றி எழுதிக்கொண்டு வேறு மெமரி ராம் அனுப்பினதையும் நான் மறக்கவில்லை. அதனால் காகிதம்.

எனக்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். கணக்கு எழுத இல்லை, கேம் விளையாட. முப்பது வயசில் என்ன விளையாட்டு என்று கேட்காதே, காரணம் சொல்கிறேன். போன வருஷம் ஐந்தாம் மாசத்தில் குழந்தை தங்காமல் போனதிலிருந்து சிந்துஜாவுக்கு வீட்டில் தனியாக இருக்கப் பயம். அவளுக்கு அம்மாவும் இல்லை, போய் இருக்க ஒரு வீடும் இல்லை. நான் லீவு நாளில் கடலூர் முதுநகர் கேம் சென்டருக்குப் போய்விடுவேன். போன ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்து பார்த்தால், உள்பக்கம் தாழ் போட்டுக்கொண்டு சமையல்கட்டு மூலையில் உட்கார்ந்திருக்கிறாள். "வெளையாடணும்னா ஊட்லயே வெளையாடுங்க. நீங்க சத்தம் போட்டுக்கினு இருந்தா எனக்கு தைரியமா இருக்கும்" என்றாள். எனக்கு ரொம்ப வெட்கமாகப் போய்விட்டது.

நான் நினைத்திருப்பது: கோர் டூ டுவோ, இரண்டு ஜிபி ராம், 512 எம்.பி. கிராஃபிக்ஸ் கார்டு, பக்கத்தில் கண்ணாடி வைத்த கேபினெட், நீல விளக்கு எரியும் ஃபேன். முப்பதாயிரத்துக்குள் முடித்துக் கொடு.

உன் செல்லத் தம்பி
அன்பரசு


சிதம்பரம்
22.9.2008

அன்புத் தம்பிக்கு,

இந்தக் கடிதம் கேபினெட்டின் பக்கக் கதவுக்கு உள்ளே ஒட்டியிருக்கும். பெட்டியைக் கோவிந்தசாமி பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன். கண்டக்டர் நமக்குப் பழக்கம், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு வருவார். "உங்க தம்பி ஸ்டாப்பு வந்தா சொல்லவே தேவயில்ல மேடம். நல்லா தூங்கிக்கினு வர்றவன்கூட கம்பெனி வாடைக்கு மூக்கைப் பொத்திக்கினு எழுந்துக்குவான்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உன் பட்டியலில் வெளியே தெரிகிற சாமான்தான் எல்லாமே. கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ். பற்றி ஒரு வார்த்தை இல்லை. கேபினெட்டோடு சும்மா வருகிறதே, அதில் 450 வாட் என்று ஸ்டிக்கர் மட்டும்தான் இருக்கும். அதை வைத்துக்கொண்டு அந்தக் கார்டைப் போட்டால் ஒருநாள் டப்பென்று புகை வரும், போகும்போது மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போகும். என் கடைக்கு அழுதுகொண்டு வருகிறவர்களில் பாதிப் பேர் இதில் மிச்சம் பிடித்தவர்கள்தான். உனக்கு நல்லதாகத் தனியே வாங்கிப் போட்டிருக்கிறேன். அதற்காகக் கார்டில் ஒரு படி இறங்கிவிட்டேன். விளையாடும்போது வித்தியாசம் தெரியாது, தெரிந்தாலும் பொறுத்துக்கொள். கரண்டு போனால் யூ.பி.எஸ். பத்து நிமிஷம்தான் தாங்கும், உடனே அணைத்துவிடு.

கண்ணாடிக் கதவு வேண்டாம். உன் வீடு ஓட்டுக்கூரை, சூடு தாங்காது. அதற்குப் பதில் நான்கு ஃபேன் வைத்திருக்கிறேன், இரண்டு உள்ளே இழுக்கும், இரண்டு வெளியே தள்ளும். வீட்டுக் காற்று முழுக்க உள்ளே போய் வரும்படி செய்துவிட்டேன். நீல விளக்கும் எரியும், சந்தோஷமா?

சிந்துஜாவைத் தனியாக விடாதே.

அக்கா
இசைவாணி


குடிகாடு
30.11.2008

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் நல்ல செய்தி. சிந்துஜாவுக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது, பத்து நாளாகிறது. இன்னும் யாருக்கும் சொல்லவில்லை. மாமாவிடம் மட்டும் சொல். எனக்குச் சந்தோஷம் பாதி, மீதி என்னவென்று உனக்குத் தெரியும். இந்த ஐந்தாம் மாசத்தைத் தாண்டிவிட்டால் போதும்.

கம்ப்யூட்டர் பிரமாதம். ஆனால் அதில் விளையாடுவது நான் இல்லை. நான் ஷிப்ட் முடிந்து வந்து தூங்கும்போது அவள்தான் உட்கார்ந்து கார் ரேஸ் ஓட்டுகிறாள். இரண்டே விரலால் ஓட்டி எல்லாச் சுவரிலும் மோதுகிறாள். மோதும்போதெல்லாம் "ஐயோ சாமி" என்கிறாள். பெட்டியைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள், ஃபேன் சத்தம் கேட்டால்தான் தூக்கம் வருகிறதாம்.

ஒரு குறை. இரண்டு நாளாக ஸ்விட்ச் போட்டால் பீப் பீப் என்று கத்துகிறது. திரை கறுப்பாகவே இருக்கிறது. என்ன செய்ய?

அன்பரசு


சிதம்பரம்
4.12.2008

அன்புத் தம்பிக்கு,

உன் செய்தியைப் படித்துவிட்டுக் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அழுதேன். கனமானது எதையும் அவள் தூக்கக் கூடாது. தண்ணீர்க் குடத்தை நீ எடு.

பீப் சத்தத்துக்குப் பயப்படாதே. ராமைக் கழற்றி, அடியில் பல் வரிசை மாதிரி தங்க நிறத்தில் இருக்கும் இடத்தைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மறுபடி செருகு. வந்துவிடும். ஆனால் இரண்டு மாசத்தில் இது வரக் கூடாது. ஐந்து வருஷம் ஓடின பெட்டிக்குத்தான் நான் இந்த வைத்தியம் சொல்வேன். மறுபடி வந்தால் பெட்டியை அனுப்பு.

அக்கா


குடிகாடு
11.1.2009

அன்புள்ள அக்காவுக்கு,

ரப்பரால் தேய்த்தேன், வந்தது. பதினைந்து நாளில் மறுபடி நின்றது. மறுபடி தேய்த்தேன். இந்த வாரம் தேய்த்தும் வரவில்லை. பெட்டியைப் பஸ்ஸில் அனுப்பியிருக்கிறேன். இங்கே வோல்டேஜ் ஏறி ஏறி இறங்குகிறது, அதுதான் காரணமாக இருக்கும். இல்லையென்றால் டீலர் உன் தலையில் பழைய போர்டைக் கட்டியிருக்கிறான்.

சிந்துஜாவுக்கு வாந்தி ஜாஸ்தி. கொஞ்சம் இருமலும் இருக்கிறது, பனிக்காலம்தானே. பொங்கலுக்கு வர முடியாது, லீவு கிடைக்கவில்லை. இருவருக்கும் பொங்கல் வாழ்த்து.

அன்பரசு


சிதம்பரம்
19.1.2009

அன்பரசு,

இதைச் சிந்துஜா பார்க்காத இடத்தில் வைத்துப் படி.

பெட்டியைத் திறந்தேன். பதினாறு வருஷமாக இந்த வேலை செய்கிறேன், இப்படி ஒரு போர்டை நான் பார்த்தது இல்லை. வெள்ளி மாதிரி பளிச்சென்று இருக்க வேண்டிய புள்ளியெல்லாம் கரி பிடித்திருக்கிறது. புள்ளிக்குப் புள்ளி கறுப்பு படர்ந்துபோய் ஒன்றையொன்று தொட்டுவிட்டது. ஃபேன் காற்று நேராக அடிக்கிற இடத்தில்தான் மோசம். ஸ்க்ரூ முனையில் பச்சை பூத்திருக்கிறது.

முதலில் நானும் டீலரைத்தான் திட்டினேன். பிறகு ஞாபகம் வந்தது. உன் பெட்டியைக் கட்டின அதே நாளில், அதே லாட்டிலிருந்து எடுத்த இன்னொரு போர்டில் அண்ணாமலை நகர் ஆராய்ச்சி மாணவி ஒருத்திக்கும் கட்டிக் கொடுத்திருந்தேன். நேற்று போய், பார்க்கணும் என்று சொல்லித் திறக்கச் சொன்னேன். புதுசு மாதிரி இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே வயசு, ஒரே சாமான். போய் இருந்த ஊர்தான் வேறே.

வோல்டேஜ் போர்டைக் கறுப்பாக்காது தம்பி. காற்றுதான் கறுப்பாக்கும். நான்கு ஃபேன் வைத்து உன் வீட்டுக் காற்றை அதன் வழியே ஓடவிட்டது நான்தான், அதனால் நான்கு மாசத்திலேயே காட்டிவிட்டது. அந்தப் பெட்டிக்குப் பக்கத்துக் கட்டிலில்தான் அவள் படுத்திருக்கிறாள்.

நான் டாக்டர் இல்லை. எனக்கு போர்டு மட்டும்தான் தெரியும். அவள் வெள்ளிக் கொலுசு என்ன நிறத்தில் இருக்கிறது என்று மட்டும் பார்த்து எழுது.

இத்துடன் ஒரு செம்புத் தகடு வைத்திருக்கிறேன், விரல் நீளம், மேலே ஒரு ஓட்டை. ஒரே தகட்டை இரண்டாக வெட்டினேன். ஒன்று என் கடைச் சுவரில் ஆணியில் மாட்டியிருக்கிறது. இன்னொன்றை நீ அவள் தலைமாட்டில் மாட்டு. முப்பது நாள் கழித்து அனுப்பு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். என் பயம் வெறும் பயம் என்று தெரிந்தால் முதலில் சந்தோஷப்படுவது நான்தான்.

அக்கா


குடிகாடு
26.1.2009

அக்காவுக்கு,

ரெண்டு ஸ்க்ரூ பச்சையாக இருந்ததற்கு இவ்வளவு பெரிய கடிதமா? இந்த ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள். வாடை வரும், போகும். மழை மூட்டம் போட்டால் கொஞ்சம் ஜாஸ்தி, அவ்வளவுதான்.

கொலுசு கறுத்துத்தான் இருக்கிறது. எதிர்வீட்டு ரத்தினம்மாள், "ஒடம்பு சூடு ஜாஸ்தியானா வெள்ளி கறுக்கும்டி, மோர் குடி" என்று சொல்லி, இவளும் தினமும் இரண்டு டம்ளர் மோர் குடிக்கிறாள்.

நீ சொல்வது நிஜம் என்றே வைத்துக்கொள். நான் என்ன செய்யட்டும்? போன வருஷம்தான் பர்மனென்ட் ஆனேன். என் ஷிப்ட் காலை ஆறு மணிக்கு, அந்த நேரத்துக்கு எந்த ஊரிலிருந்து பஸ் வரும்? பயந்து பயந்து இப்போதுதான் அவள் சிரிக்கிறாள். அவளிடம் போய் நீ மூச்சு விடுகிற காற்று சரியில்லை என்று என்னால் சொல்ல முடியாது.

தகட்டை மாட்டிவிட்டேன். உன் திருப்திக்கு.

அன்பரசு


குடிகாடு
1.3.2009

அன்புள்ள அக்காவுக்கு,

தகட்டை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். முப்பது நாளுக்கு மேலேயே மாட்டியிருந்தேன். நீயே பார்த்துக்கொள், எப்படிப் பளபளவென்று இருக்கிறது என்று. இனிமேல் என்னைப் பயமுறுத்தாதே.

போர்டு மாற்றியாயிற்றா? சிந்துஜா கார் ரேஸ் எப்போது வரும் என்று தினமும் கேட்கிறாள். வயிறு தெரிய ஆரம்பித்துவிட்டது. இருமல் இன்னும் விடவில்லை.

அன்பரசு


சிதம்பரம்
4.3.2009

அன்பரசு,

உன் தகடு வந்தது. கையில் எடுத்ததும் ஒரு நிமிஷம் எனக்கு உயிர் வந்தது. சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டேன். பிறகு என் கடைச் சுவரில் இருந்த தகட்டைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தேன்.

என்னுடையது மங்கிப்போயிருக்கிறது. மோசமாக இல்லை, லேசாகப் பழுப்பு. செம்பு அப்படித்தான், எந்த ஊர்க் காற்றிலும் ஒரு மாசத்தில் கொஞ்சம் மங்கும். உன்னுடையது நான் வெட்டின அன்றைக்கு இருந்ததைவிடப் பளிச்சென்று இருக்கிறது. மங்காத செம்பு எங்கேடா இருக்கிறது?

திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் மார்க்கரில் நான் எழுதின தேதி இல்லை. ஓட்டையின் ஓரத்தில் குங்குமம் ஒட்டியிருக்கிறது.

என்ன நடந்தது என்று எழுது. திட்ட மாட்டேன். நீ சின்ன வயசில் முட்டியைக் கிழித்துக்கொண்டு வந்து காட்டாமல் ஒளித்து வைப்பாய், சீழ் பிடித்த பிறகுதான் எனக்குத் தெரியவரும். இதையும் அப்படி ஒளித்து வைக்காதே. எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது. கடையில் யார் இருமினாலும் தூக்கிப்போடுகிறது.

கம்ப்யூட்டரை வேறு போர்டு போட்டுச் சரிசெய்துவிட்டேன். ஆனால் அந்த வீட்டுக்கு அனுப்பமாட்டேன். இத்துடன் இன்னொரு தகடு வைத்திருக்கிறேன். இதை யாரும் தொடக் கூடாது, தேய்க்கக் கூடாது.

அக்கா


குடிகாடு
14.3.2009

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்துக்குப் பத்து நாளாகப் பதில் எழுதவில்லை. மூன்று தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன்.

முதல் தகட்டை மாட்டின அன்றைக்கு, "இன்னாங்க இது" என்று சிந்துஜா கேட்டாள். எனக்கு வாயில் வந்ததைச் சொன்னேன். "அக்கா சிதம்பரத்துல பூஜ பண்ணி வாங்கியாந்த தகடு, புள்ள நல்லபடியா பொறக்கணும்னு" என்றேன். நீ சிதம்பரத்தில் இருப்பதால் அவள் அப்படியே நம்பிவிட்டாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காமாட்சி விளக்கைப் புளி போட்டுத் தேய்க்கும்போது தகட்டையும் சேர்த்துத் தேய்த்தாள். சாமித் தகடு அழுக்காக இருந்தால் அவள் சும்மா விடுவாளா? தேய்த்துக் குங்குமம் வைத்து மாட்டினாள். அது நாலே நாளில் காப்பிக்கொட்டை நிறமாகியிருந்தது. நான் பார்த்தேன் அக்கா. அவள் தேய்ப்பதற்கு முன்னாலும் பார்த்தேன், பின்னாலும் பார்த்தேன். ஐந்து வெள்ளிக்கிழமையும் பார்த்தேன். தேய்க்காதே என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். அதனால் சொல்லவில்லை. கடைசி வெள்ளிக்கிழமை தேய்த்த ஈரம் காய்ந்ததும் எடுத்து உனக்குப் பார்சல் கட்டினேன். பளபளவென்று இருக்கிறது என்று எழுதினதும் நான்தான். உன்னை ஏமாற்றவில்லை, என்னையே ஏமாற்றிக்கொண்டேன். நீ அது பரவாயில்லை என்று எழுதிவிட்டால் நானும் நம்பிவிடலாம் என்று நினைத்தேன்.

இரண்டாவது தகட்டையும் மாட்டினேன். போன வெள்ளிக்கிழமை அதையும் தேய்த்தாள். நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

நேற்று அவளால் குனிந்து உட்கார முடியவில்லை. இருமல் வந்தால் வயிற்றைப் பிடித்துக்கொள்கிறாள். "இன்னிக்கு மட்டும் நீங்க தேச்சுடுங்க, சாமி தகடு கறுத்துக் கெடக்குது, பார்க்கவே மனசு ஒரு மாதிரியா இருக்குது" என்றாள். கிணற்றடியில் உட்கார்ந்து நான்தான் தேய்த்தேன். ஏழே நாள் கறுப்பு. கையில் இருந்த புளி மை மாதிரி கறுத்துக் கூழாகிவிட்டது. விரல் நுனியைச் சோப்புப் போட்டுக் கழுவினேன், மறுபடியும் கழுவினேன். உள்ளிருந்து அவள் இருமுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு இருமலுக்கும் அவள் நெஞ்சுக்குள் இந்தப் புளி மாதிரி என்ன இருக்கும் என்றே தோன்றியது.

ஐந்தாம் மாசம் நடக்கிறது அக்கா. போன தடவை இந்த மாசம்தான்.

நாளைக்குக் கோவிந்தசாமி பஸ்ஸில் அவளை ஏற்றிவிடுகிறேன். முன் சீட்டு போட்டுத் தருகிறேன் என்று கண்டக்டர் சொல்லியிருக்கிறார். இந்தக் கடிதத்தை ஒட்டின கவரில் இன்றைக்கே அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். அவளிடம் உண்மையைச் சொல்லவில்லை. சிதம்பரம் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டணும், பிள்ளை பிறக்கிற வரை அக்காவோடு இரு என்று மட்டும் சொன்னேன். "நீங்க எப்ப வருவீங்க" என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் வருவேன் என்றேன். தகடு பற்றிய நிஜத்தை எப்போது சொல்வது என்று நீயே பார்த்துச் செய். உன்மேல் வைத்த நம்பிக்கையில்தான் அதைக் கும்பிட்டாள், அதை மட்டும் அவளிடமிருந்து பிடுங்கிவிடாதே.

அவளை முதலில் டாக்டரிடம் காட்டு. நான்கு மாசக் காற்று அவளை என்ன செய்திருக்கிறது என்று கேட்டுச் சொல். எதுவாக இருந்தாலும் எழுது, மறைக்காதே. மறைக்கிற வேலையை நான் ஒருத்தன் செய்தது போதும்.

கார் ரேஸ் பெட்டியை அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் வை. ஃபேன் சத்தம் இல்லாவிட்டால் தூங்கமாட்டாள்.

நான் வேலையை விட முடியவில்லை. உள்ளே இரண்டு மாசச் சம்பளம் பிடித்து வைத்திருக்கிறார்கள், வேறு இடமும் இன்னும் கிடைக்கவில்லை. பண்ருட்டியில் ஒரு முந்திரிக் கம்பெனியில் மெஷின் பார்க்க ஆள் கேட்கிறார்கள் என்று சொன்னார்கள், செவ்வாய்க்கிழமை போகிறேன். அது ஆகிற வரை இங்கேதான் இருக்க வேண்டும்.

தகட்டை எடுத்துப் பையில் வைக்கப் போனாள். அது இங்கேயே இருக்கட்டும், எனக்கும் துணை வேண்டாமா என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன். தலைமாட்டில், அவள் மாட்டின அதே ஆணியில் இருக்கிறது. இனி வெள்ளிக்கிழமை வந்தாலும் அதைத் தேய்க்க ஆள் இல்லை.

நாளைக் காலை பஸ் பத்தேகாலுக்குக் கீழவீதி முனையில் நிற்கும். நீயே வந்து இறக்கிக்கொள்.

தம்பி
அன்பரசு